கார் கழுவும் கடையில் ஒரு வேதியியல் பாடம்

சனிக்கிழமை காலை பத்து மணி. ஈப்போ, குனோங் ராப்பாட் பக்கம் ஒரு கார் கழுவும் கடை. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வரிசையில் ஆறேழு கார்கள் நிற்கின்றன. அந்த வரிசையை மீறி ஒரு கறுப்பு மைவி நேராக உள்ளே வந்தது. கழுவ வரவில்லை, புகார் சொல்ல வந்திருந்தது.

"அண்ணே, நேத்துதான் இங்க கழுவுனேன். இன்னைக்குக் காலையில பாத்தா போனட் பூரா வெள்ளை வெள்ளையா வட்டம். துணி போட்டுத் தேச்சும் போகல."

கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. உள்ளே போய் ஒரு சிறிய பாட்டிலை எடுத்து வந்தார். அதிலிருந்ததை ஈரத்துணியில் கொஞ்சம் ஊற்றி, போனட் மீது அழுத்தாமல் வைத்து எடுத்தார். வட்டங்கள் மறைந்தன. உடனே அந்த இடத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். காற்றில் சமையலறை வாசனை. பாட்டிலில் இருந்தது தண்ணீர் கலந்த வெள்ளைக் காடி, அதாவது வினிகர்.

"காசெல்லாம் வேணாம் தம்பி," என்று அந்த இளைஞரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாம எவ்வளவு நுரை போட்டோம், எத்தனை தடவை தேச்சோம்னு யாருக்கும் தெரியாது. இந்த வட்டம்தான் கண்ணுல படும். இது இருந்தா அவரு அடுத்த வாரம் வேற கடைக்குப் போயிடுவாரு."

அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பரும் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. நகரத்துக்கு வந்து கடை கடையாக வேலை பார்த்து, கடைசியில் இந்தத் தகரக் கொட்டகையைச் சொந்தமாக்கிக் கொண்டவர். அவரைப் பொறுத்தவரை அந்த வெள்ளை வட்டம் பிழைப்பைத் தொடும் விஷயம். நமக்கு அது வேதியியல். வினிகர் பட்டதும் ஏன் மறைந்தது?

"எந்தத் தண்ணீர் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே ஓர் ஆழ்குழாய்க் கிணறு. அதற்குச் சற்றுத் தள்ளிச் செங்குத்தாக ஒரு சுண்ணாம்புக் குன்று. பதில் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கும்போது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாகத் தூக்கிச் செல்கிறது. கண்ணுக்குத் தெளிந்த நீராகவே தெரியும். ஆனால் அந்த நீர் வெளியே வந்து, கரியமில வாயுவை இழந்து, ஆவியானதும் கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கோப்பெங் அருகே குவா தெம்புருங் குகைக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருந்தால், கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளைப் பார்த்திருப்பீர்கள். தைப்பூசத்துக்கு நாம் போகும் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலும் இதே வகைப் பாறையில்தான் இருக்கிறது. குகையில் பல்லாயிரம் ஆண்டுகள் எடுக்கும் வேலை, வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் மீது பத்தே நிமிடத்தில் நடந்துவிடுகிறது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் அந்தச் சுண்ணாம்பைத் திரும்பவும் கரைக்கிறது. அவ்வளவுதான்.

அது ஏன் வட்டமாக, விளிம்பில் மட்டும் தடித்துப் படிகிறது? அதற்கு ஈப்போவின் வெள்ளைக் காப்பியைக் கேட்க வேண்டும். மேசையில் சிந்திய காப்பித் துளி காய்ந்த பிறகு பாருங்கள். நடுவில் வெளிறியும் ஓரத்தில் கறுத்தும் ஒரு வளையம் இருக்கும். துளியின் விளிம்பு மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது உள்ளிருக்கும் பொருளையும் இழுத்துச் செல்கிறது. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கிய பிறகு, அறிவியல் உலகில் இதற்குக் 'காப்பி வளைய விளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஈப்போவின் குழாய் நீரில் இந்தத் தொல்லை குறைவு. உலு கிந்தா அணைக்கு வரும் நீர் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் பகுதியில் பெய்த மழை. கருங்கல் சுண்ணாம்பைப்போல் கரைவதில்லை. கடைக்காரர் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறார். சேறு கழுவக் கிணற்று நீர், கடைசி அலசலுக்கு மட்டும் குழாய் நீர். கூடவே ஒரு கட்டளை: போனட், கூரை இரண்டும் காயும்முன் துணியால் ஒற்றிவிட வேண்டும். கதவைத் திறந்து அதன் ஓரங்களையும் பக்கக் கண்ணாடிக்கு அடியில் தேங்கிய நீரையும் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் கடையைத் தாண்டி முதல் வளைவில் திரும்பியதும் உள்ளே ஒளிந்திருந்த நீர் கோடாக வழிந்து காயும்.

இனி நுரைக்கு வருவோம். சவர்க்கார மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை எண்ணெயை விரும்பும். எண்ணெய்ப் பிசுக்கையும் தூசையும் எண்ணெய் முனைகள் சூழ்ந்து கொள்கின்றன. நீர் முனைகள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கின்றன. கார் ஷாம்புகளில் பெரும்பாலும் அந்த வெளிப்பக்கத்தில் எதிர் மின்னூட்டம் இருக்கும். எல்லாத் துகளுக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதக்கின்றன. மறுபடி காரில் ஒட்டாமல் நீரோடு போய்விடுகின்றன.

இதைச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தார். "அப்படின்னா எங்கம்மா தூக்குன பால் வாளியும் இதேதானே?"

உண்மைதான், இதேதான். மரத்திலிருந்து வடியும் ரப்பர் பாலில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. அவற்றைச் சுற்றியும் எதிர் மின்னூட்டம் உண்டு. அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் பால் பாலாகவே இருக்கிறது. வெயிலில் நேரமானால் நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்கும். பால் வாளியிலேயே கட்டிப்போகும். அதைத் தடுக்க அமோனியா சேர்ப்பார்கள். பால் ஸ்டோரில் கட்டியாக வேண்டும் என்றால் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அமிலம் அந்த மின்னூட்டத்தை அழித்துவிடும். துகள்கள் ஒன்றுகூடி வெள்ளைக் கட்டியாகும். தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தப் புளித்த வாடையை மறந்திருக்க மாட்டார்கள். ஃபார்மிக் அமிலத்துக்குப் பெயர் கொடுத்தது எறும்பு. லத்தீன் மொழியில் எறும்புக்கு 'ஃபார்மிகா'. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலில் படியும் சுண்ணாம்பைப் போக்கும் மருந்துகள் சிலவற்றிலும் இந்த அமிலம் இருக்கிறது. தோட்டத்தில் பாலை உறைய வைத்தது, வீட்டில் கல்லைக் கரைக்கிறது.

நுரை நல்லது என்றால் பாத்திரம் கழுவும் நீர்மம் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். படிவம் நான்கு படிக்கும்போது அப்பாவின் பழைய புரோட்டோன் சாகாவைப் பாத்திர நீர்மம் போட்டு, சட்டி தேய்க்கும் நாரால் பளிச்சென்று தேய்த்து வைத்தேன். நிழலில் அழகாகத்தான் இருந்தது. வெயிலில் நிறுத்தியதும் கூரை முழுக்கச் சிலந்தி வலை! அப்பா திட்டவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தார், அது அதைவிட மோசம்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியைவிட மெலிது. காரில் படியும் மணலில் இருக்கும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. நகத்தின் அளவு ஏறத்தாழ இரண்டரை. பூச்சும் அப்படி மென்மையானதுதான். ஆக, மணலோடு சேர்த்துத் தேய்த்தால் கோடு விழத்தான் செய்யும். கோடுகள் உண்மையில் எல்லாத் திசையிலும்தான் விழுந்திருக்கும். ஆனால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டப் போக்கில் அமைந்த கோடுகள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை வேறு பக்கம் திருப்பி மறைந்துகொள்கின்றன. நீங்கள் நகர்ந்தால் வலையும் கூடவே நகரும். தேய்ந்த எவர்சில்வர் தட்டை விளக்கடியில் பிடித்தாலும் இதே வலையைப் பார்க்கலாம்.

அதனால்தான் நல்ல கடையில் இரண்டு வாளி வைத்திருப்பார்கள். ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் நீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் நீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளியில் நனைப்பார்கள். மணல் வெறும் நீர் வாளியின் அடியில் தங்கிவிடும். மேலிருந்து கீழாகக் கழுவுவதும் இதற்காகத்தான். மணல் அதிகம் இருப்பது சக்கரத்தின் அருகே. வாடிக்கையாளர் இதையெல்லாம் கவனிப்பதில்லை. ஆறு மாதம் கழித்தும் கார் புதிதுபோல் இருப்பதை மட்டும் கவனிப்பார்.

துடைக்கும் துணியும் சாதாரணத் துணியல்ல. மைக்ரோஃபைபர் எனப்படும் அதன் இழை, 9,000 மீட்டர் நீளமிருந்தாலும் 1 கிராம்கூட எடை வராத அளவுக்கு மெலிது. பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்த்து நூற்று, ஓர் இழையை நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளந்துவிடுகிறார்கள். கீற்றுகளுக்கு இடையே உள்ள சந்துகளில் நீரும் தூசும் ஏறிக்கொள்கின்றன. இந்தத் துணியைத் துணி மென்மையாக்கி போட்டுத் துவைத்தால் அந்தச் சந்துகள் மெழுகுபோல் அடைபட்டுவிடும். பிறகு அது நீரை உறிஞ்சாது, தள்ளிக்கொண்டுதான் போகும். வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் காரில் வைக்கவே கூடாது. அந்தக் கடையில் அப்படிச் செய்த பையனை நான் இருக்கும்போதே கடைக்காரர் ஒரு சத்தம் போட்டார்.

மெழுகு பூசிய காரில் மழைத்துளி முத்தாக உருள்வதைப் பார்த்தால் வாடிக்கையாளர்களுக்குத் தனி மகிழ்ச்சி. நீர் மூலக்கூறுகளுக்கு மெழுகோடு ஒட்டுவதைவிடத் தங்களுக்குள் ஒட்டிக்கொள்வதில் விருப்பம் அதிகம். அதனால் துளி பரவாமல் திரண்டு நிற்கிறது. துளியின் விளிம்புக் கோணம் 90 பாகையைத் தாண்டினால் அந்தப் பரப்பை நீர் வெறுக்கும் பரப்பு என்கிறோம். தாமரை இலையிலும் சேம்பு இலையிலும் அந்தக் கோணம் 150 பாகைக்கு மேல் போகும். காரணம் மெழுகு மட்டுமல்ல, இலை முழுக்க உள்ள நுண்ணிய மேடுகளும்தான். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1997இல் நைன்ஹுய்ஸ் என்பவரோடு சேர்ந்து விரிவாக வெளியிட்டார். காருக்குப் பூசும் மெழுகுகளில் பேர்போனது கார்னௌபா. பிரேசிலில் வளரும் ஒரு பனை, தன் ஓலையில் நீர் வற்றாமலிருக்க உருவாக்கிக்கொள்ளும் மெழுகு அது. 80 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும். ரப்பர் மரத்தின் பூர்வீகமும் பிரேசில்தான் என்பது நினைவிருக்கட்டும்.

துளிகள் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுடும் என்று பலர் சொல்வார்கள். ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் குழுவினர் இதை இலைகளில் சோதித்து 2010இல் வெளியிட்டனர். மழமழப்பான இலையில் உட்கார்ந்த துளி இலையைச் சுடவில்லை. ஒளி குவியும் புள்ளி இலைப்பரப்புக்குக் கீழே விழுகிறது, துளியே இலையைக் குளிர்விக்கவும் செய்கிறது. காரின் மேலும் துளி படிந்த இடத்தில் தழும்பு விழுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது துளிக்குள் இருக்கும் உப்பையும் சுண்ணாம்பையும்தான். மைனா எச்சம் இன்னும் மோசம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பூச்சு இளகும்போது எச்சம் காய்ந்து சுருங்கி அதில் அச்சாகப் பதிந்துவிடும். சுரண்டாதீர்கள். ஈரத் தாளை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் தூக்கி எடுங்கள்.

இப்போது டயர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவற்றில் பெரும் பங்கு இலங்கைக்கு வந்தது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 நம் பேராக்கில், கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்தின் மரம் ஒன்று இன்றும் அங்கே வேலி போட்டுக் காக்கப்படுகிறது; அந்தப் பக்கம் போனால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு வந்த தோட்டங்கள், லயங்கள், தவறணைகள், தமிழ்ப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் முந்தைய மரம் அது.

மரத்தின் ரப்பர் அப்படியே டயராகாது. வெயிலில் ஒட்டும், குளிரில் உடையும். 1839இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கியபோது அது உறுதியானது. நீண்ட ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. டயர் கறுப்பாக இருப்பது கரித்தூளால். அது டயரை வலுவாக்கித் தேய்மானத்தையும் குறைக்கிறது. ஆனால் ரப்பர்ச் சங்கிலியில் ஒரு பலவீனம் உண்டு: அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு. காற்றில் உள்ள ஓசோன், பெரும்பாலும் வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்தில் உருவாக்குவது, அந்த இரட்டைப் பிணைப்பைத் தேடிப்போய் வெட்டுகிறது. இழுபட்டு நிற்கும் ரப்பரில் இந்த வெட்டுகள் விரிசலாகத் திறக்கும். ஒரு ரப்பர் வளையத்தை மைலோ டின்னைச் சுற்றி இழுத்து மாட்டி, அதேபோன்ற இன்னொன்றை இழுக்காமல் பக்கத்தில் வைத்து, இரண்டையும் வெளியே சில வாரம் விட்டுப் பாருங்கள். எது முதலில் வெடிக்கிறது என்று தெரியும்.

இதிலிருந்து காக்க டயருக்குள்ளேயே மெழுகும், 6பிபிடி என்ற வேதிப்பொருளும் கலக்கிறார்கள். அது உள்ளிருந்து மெல்ல மேலே கசிந்து வந்து, ரப்பருக்கு முன்னே தானே ஓசோனோடு வினைபுரிகிறது. அப்படி வினைபுரிந்தது பழுப்பு நிறமாக டயரின் பக்கவாட்டில் தெரியும். "டயரை ஒழுங்காகக் கழுவவில்லை" என்று வாடிக்கையாளர்கள் குறை சொல்வது பல நேரம் இந்தப் பழுப்பைப் பார்த்துத்தான். அது அழுக்கல்ல, டயருக்காக அடி வாங்கிய காவலாளி. ஆனால் காவலாளிக்கு வேறொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்ததும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் சாவது நெடுங்காலப் புதிர். தேய்ந்த டயர்த்தூளில் உள்ள 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உண்டாக்கும் ஒரு பொருள்தான் காரணம் என்று 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. கார் கழுவிய நீர் கால்வாயில் போகிறது. ஈப்போவின் கால்வாய் கிந்தா ஆற்றுக்குப் போகிறது. கிந்தா பேராக் ஆற்றில் சேர்கிறது.

கழுவிய டயருக்குக் கறுப்புப் பளபளப்பு கொடுப்பது கடைகளின் வழக்கம். சொரசொரப்பான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் டயர் சாம்பல் பூத்துத் தெரிகிறது. பூசும் நீர்மம் பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைந்து கறுப்பு கூடுகிறது. மழையில் நனைந்த தார்ச்சாலை கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான். டயரின் பக்கவாட்டில் மெல்லியதாகப் பூசித் துடைத்தால் சரி. சாலையைத் தொடும் பகுதியில் பூசினால்? அது பிடிப்பைக் கெடுக்கும். மோட்டார் சைக்கிள் டயரில் பூசவே கூடாது. வளைவில் சாயும்போது அதன் ஓரம்தான் சாலையைப் பிடித்துக் காக்கிறது. அதே பளபளப்பை பிரேக் மிதியிலும் ஸ்டீரிங்கிலும் தடவி "புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்று காட்டும் கடைகளும் உண்டு. சிலிகோன் எண்ணெய் வழுக்கும் பொருள். அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அழகு வேண்டாம் என்று வாடிக்கையாளரே சொல்லலாம். அதில் வெட்கமே இல்லை.

விளம்பரப் பளபளப்புக்கு நேர் எதிராக, உண்மையிலேயே உயிர் காக்கும் ஒரு சின்ன வேலை முன்விளக்கைத் தெளிவாக்குவது. இப்போதைய விளக்கு மூடி கண்ணாடியல்ல, பாலிகார்பனேட். புறஊதாக் கதிர் அதன் மேற்பரப்பை மஞ்சளாக்கி மங்கச் செய்கிறது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ட்ரிபிள் ஏ 2018இல் சோதித்தபோது, நன்றாக மங்கிய விளக்குகள் புதிய விளக்கின் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தந்தன. பற்பசை போட்டுத் தேய்த்தால் தெளிவது உண்மைதான். அதிலுள்ள மெல்லிய சிராய்ப்புத் துகள் மங்கிய தோலை உரித்துவிடுகிறது. ஆனால் மிச்சமிருந்த பாதுகாப்புப் பூச்சும் அதோடு போய்விடும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மறுபடி பூசாவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பும்.

பள்ளி விடுமுறையில் கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போகும் மாணவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சக்கர ரிம்மில் ஒட்டிய பிரேக் தூளைச் சட்டென்று போக்கும் சில மருந்துகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. மற்ற அமிலங்கள் பட்டவுடன் எரியும். இது நீர்த்திருந்தால் முதலில் வலிக்காது. தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தோடு பிணைந்துகொள்கிறது. வலி சில மணி நேரம் கழித்தே வரும். அதிகமாகப் போனால் இதயத் துடிப்பே குலையும். வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் 2001 முதல் 2013 வரை, கார், லாரி கழுவும் வேலையில் இந்த அமிலத்தால் காயம்பட்ட 48 தொழிலாளர்களை அரசு கணக்கெடுத்தது. புட்டியின் லேபிளைப் படியுங்கள். லேபிளே இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். கையில் பட்டால் வலி வரும்வரை காத்திருக்காமல் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே உதவி கேளுங்கள். புட்டியோடு மருத்துவமனைக்குப் போங்கள். நம் கடைக்காரர் ரிம்மைத் தூரிகையும் ஷாம்புவும் கொண்டுதான் தேய்க்கிறார். "அஞ்சு நிமிசம் கூட ஆகும், ஆகட்டும். பையன் விரலோட வீட்டுக்குப் போவணும்," என்றார்.

உள்பக்கம் நுழைந்தால் முதலில் மூக்குதான் வேலை செய்யும். குளிர்சாதனத்தைப் போட்டதும் வரும் புழுக்க வாடை, உள்ளே ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்களின் கைவேலை. வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது குளிரை நிறுத்திக் காற்றை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடும். இருக்கையில் காப்பியோ பாலோ சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரை முதலில் பயன்படுத்த வேண்டும். சூட்டில் பால் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். டுரியான் வாடைக்கு வாசனை அட்டை தொங்கவிடுவது வீண். அந்த வாடையில் கந்தகச் சேர்மங்களின் பங்கு பெரிது. கதவைத் திறந்து காற்றோட்டம் தருவதும், கிளர்வூட்டிய கரியைப் பையில் கட்டி வைப்பதும் பலன் தரும். சில கடைகள் ஓசோன் இயந்திரம் வைப்பார்கள். வாடை போகும், ஆனால் டயர்க் கதையில் வந்த அதே ஓசோன்தான் இது. கதவோர ரப்பருக்கும் ஆகாது, நுரையீரலுக்கும் ஆகாது. நன்றாகக் காற்றாடவிடாமல் அந்தக் காரில் ஏறக்கூடாது.

கண்ணாடி துடைப்பதில் ஒரு சின்ன உத்தி உண்டு. வெளியே மேலும் கீழுமாக, உள்ளே இடமும் வலமுமாகத் துடைக்கிறார்கள். கோடு மிஞ்சினால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று திசையே சொல்லிவிடும். எவ்வளவு எளிது! இது தெரியாமல் எத்தனை முறை உள்ளே வெளியே என்று ஏறி இறங்கியிருக்கிறேன்.

உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை 14 பாகை குளிர்நீரில் 60 நொடி கை வைக்க வேண்டும். மறுமுறை அதே 60 நொடி; அதற்குமேல் இன்னும் 30 நொடி, அப்போது மட்டும் நீர் 1 பாகை சூடாகும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தனர். முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். அனுபவத்தின் கடைசிப் பகுதி நினைவில் அளவுக்கு மீறி இடம்பிடிக்கிறது. கானமனைப் படிக்காமலே கடைக்காரர் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இருக்கையை எவ்வளவு நகர்த்தினார்களோ அவ்வளவு திருப்பி வைக்கிறார்கள். இடுக்கில் கிடைத்த சில்லறை, தோடு, பிள்ளையின் அழிப்பான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முன்னால் வைக்கிறார்கள். டேஷ்போர்டில் இருக்கும் முருகனையோ பிள்ளையாரையோ துடைப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம். துடைத்த பின் அதே திசையைப் பார்த்து அதே இடத்தில். காய்ந்த பூவாக இருந்தாலும் கேட்காமல் எறிவதில்லை. "குப்பைன்னு ஒருத்தர் எலுமிச்சம்பழத்தை வீசிட்டாரு, அது அவங்க கோயில்ல வச்சுக் கொடுத்தது. அந்த அம்மா அழுதிட்டாங்க," என்றார், தான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையைப் பற்றி.

கிளம்பும்போது ஒரு கறுப்புப் பீங்கான் தட்டைக் கேட்டு வாங்கி, அவருடைய கிணற்று நீரில் ஒரு துளியும் குழாய் நீரில் ஒரு துளியும் குடிக்கும் சுத்திகரிப்பு நீரில் ஒரு துளியும் அடுத்தடுத்து வைத்து வெயிலில் காயவிட்டேன். நீங்களும் செய்யலாம், உங்கள் வீட்டுக் குழாய், பக்கத்துக் கிணறு, பழைய ஈயக்குட்டை, நேற்றைய மழை என்று எதையும் வைக்கலாம். கால் மணி நேரத்தில் மூன்றும் காய்ந்தன. கிணற்று நீர் விட்ட வளையம் தடித்து வெள்ளையாக நின்றது. குழாய் நீருடையதைத் தட்டைச் சாய்த்துத்தான் பார்க்க முடிந்தது. மூன்றாவது இருந்த இடமே தெரியவில்லை. கடைக்காரர் தட்டை வாங்கி, வினிகர் நனைத்த விரலால் முதல் வளையத்தைத் தொட்டார். பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. வேலைக்கார பையன்கள் இருவரும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.